ஒரே மண்டபம், பலதரப்பட்ட ஜனங்கள்: வரைபடத்துக்கு முன் எதை யோசிக்க வேண்டும்?

சிரிங்கா_நிழல் (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

எங்கள் கோவிலை ஒட்டியிருக்கும் பழைய மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். 1960களில் நிறவெறி ஆட்சியில் மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் பக்கமெல்லாம் காலி பண்ணச் சொல்லி ஜனங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள் அல்லவா, அந்தத் தலைமுறை மாதாமாதம் காசு போட்டுக் கட்டியது. தகரக் கூரை, சிமென்ட் தரை, ஒரு மேடை, பின்னால் ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய ஒரு அடுக்களை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு இழந்த குடும்பங்கள் சில இதில்தான் படுத்திருந்தன. பின்சுவர் அப்போதிருந்தே விரிசல் விட்டுக்கொண்டு போகிறது, இனி பூசி மெழுக முடியாது.

படம் வரைய வந்திருப்பவர் ஒரு இளம்பெண், ஜுலு வீட்டுப் பிள்ளை. முதல் கூட்டத்தில் எங்கள் கமிட்டியில் பாதிப் பேர் முன்பக்கம் கோபுரம் மாதிரி வைத்தே தீர வேண்டும் என்றார்கள், மீதிப் பேர் உம்லாங்கா பக்கம் இருக்கிற கல்யாண ஹால் போல கண்ணாடியும் ஏசியுமாக வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரச் சண்டை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, "சரி, அது அப்புறம். ஒரு வாரத்தில் இங்கே யார் யார் வருகிறார்கள், எந்த வாசல் வழியாக வருகிறார்கள், கையில் என்ன கொண்டுவருகிறார்கள், எழுதித் தாருங்கள்" என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது. வாரநாள் காலையில் மூத்தோர் சங்கம், துனீ சீட்டாட்டமும் டீயும். மாலையில் ஒரு நாள் பரதநாட்டியம், ஒரு நாள் தமிழ் வகுப்பு, வெள்ளிக்கிழமை பஜனை. சனிக்கிழமை கல்யாணமோ பதினாறாம் நாள் காரியமோ. ஞாயிறு காலையில் ஒரு ஜுலு சபை வாடகைக்கு எடுக்கிறது, மதியம் எந்த வீட்டுப் பிள்ளைக்காவது 21வது பிறந்தநாள், டிஜேயோடு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ், தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற கூட்டம், புரட்டாசி முழுக்க மரக்கறி. ரமலானில் எதிர்த்தெரு முஸ்லிம் குடும்பங்கள் ஒருநாள் நோன்பு திறக்க எல்லாரையும் கூப்பிடுவார்கள், அவர்களுக்கும் இந்த இடம்தான். கூடவே சாவு, அது கிழமை பார்த்து வருவதில்லை.

கேள்வி இதுதான். இத்தனை பேருக்கும் ஒரே கூரை என்றால் எதைப் பிடித்துக்கொண்டு வரைவது? எல்லாருக்கும் பொது என்று சொல்லி நாலு வெள்ளைச் சுவரை எழுப்பிவிட்டால் அது யாருக்கும் சொந்தமாக இராது. நம்முடையது என்று அழுத்திக் கட்டினால் ஞாயிற்றுக்கிழமை வருகிற சபைக்காரர்கள் கூச்சப்படுவார்கள். கட்டுமானம் தெரிந்தவர்கள், இப்படி ஒரு கமிட்டியில் மாட்டிக்கொண்டவர்கள், யாராவது சொல்லுங்கள்.

மட்டப்பலகை (பீனிக்ஸ்) எழுதியது:

தம்பி, கோபுரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சாவிலிருந்து ஆரம்பியுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால் கல்யாணத்தில் ஒரு இடைஞ்சல் இருந்தால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடுவார்கள், சாவு வீட்டில் இடைஞ்சல் வந்தால் வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். பெட்டி கிட்டத்தட்ட ரெண்டடி அகலம், ரெண்டு பக்கமும் தூக்குகிற ஆட்கள், ஆக வாசல் 1.8 மீட்டருக்குக் குறைந்தால் பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். நம்மூர் ஹால்கள் பாதியில் வாசலுக்கு உள்ளே உடனே ஒரு திருப்பம் வைத்திருப்பார்கள், டிக்கெட் கவுன்டருக்காகவாம். அந்தத் திருப்பத்தில் மாமன் மச்சான் ஆறு பேர் பெட்டியோடு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நேர்வழி வையுங்கள். அதே நேர்வழிதான் சக்கர நாற்காலிக்கும், மேடைக்கு மணவறை தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும், ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவருகிற டிஜேக்கும்.

ரெண்டாவது தண்ணீர். மொபெனி ஹைட்ஸ் சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் கைகால் கழுவாமல் உள்ளே வர மாட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே, கூரைக்கு வெளியே, வரிசையாக நாலைந்து குழாய் வேண்டும். ஆர்க்கிடெக்ட்டிடம் "வெளியே ஒரு குழாய்" என்று மட்டும் சொன்னால் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய் ஒன்று சுவரோரம் வரும், கழுவிய தண்ணீர் நடைபாதையில் ஓடும், பாட்டி வழுக்கி விழுவாள். தரையைச் சாய்த்து, நீளவாட்டில் ஒரு கால்வாய் போட்டு, மேலே கிராதி. கிராதிக் கம்பியின் இடைவெளியில் சேலைக்காரிகளின் ஹீல்ஸ் மாட்டக் கூடாது, ஊன்றுகோல் முனையும் இறங்கக் கூடாது. தரைக்குச் சொரசொரப்பான கல், பளபள டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது சமையல் முற்றம். உள்ளே எவ்வளவு பெரிய அடுக்களை கட்டினாலும் நம் ஆட்கள் அண்டாவை வெளியேதான் வைப்பார்கள். கூரை உண்டு, சுவர் கிடையாது, தரை கான்கிரீட், பக்கி வண்டி (சின்னத் திறந்த லாரி) பின்பக்கமாக வந்து அண்டாவை நேரே இறக்கிவிடுகிற மாதிரி ஒரு கேட். முற்றத்துக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு படிகூட இருக்கக் கூடாது, கொதிக்கிற பருப்பை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு படி ஏற வைத்தால் பாவம். சபைக்காரர்களுக்கும் இது பிடிக்கும் பாருங்கள். ஜுலு வீட்டுச் சாவுக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து பாடுவார்கள், விடிந்ததும் அடக்கம், அதற்குள் மூன்று கால் இரும்புச் சட்டிகளில் வெளியே சமையல் நடக்கும். அவர்களுக்கும் முற்றம், நமக்கும் முற்றம்.

லெனேசியா_வரைவாளர் எழுதியது:

அண்ணன் மேலே சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் வரைபட அலுவலகத்தில் இருப்பவன், ஆகவே இரண்டு மூன்று விஷயம் கூட்டுகிறேன்.

ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் வந்தால் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் போய்ப் பாருங்கள், பொதுமக்கள் தாராளமாக உள்ளே போகலாம். காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த ஓல்டு ஃபோர்ட் சிறை வளாகத்தில் 2004இல் திறந்தது. விசாரணைக் கைதிகள் இருந்த கட்டடத்தை இடித்த செங்கல்லையே எடுத்துச் சுவர் வைத்திருக்கிறார்கள். முன்கூடத்துத் தூண்கள் நேராக நிற்காது, மரங்கள் மாதிரி சாய்ந்திருக்கும், ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்களே, அந்த நினைப்பு. எனக்குப் பிடித்தது அதைவிட உள்ளே இருக்கிற ஒரு நீளச் சன்னல். வெளியே தெருமட்டத்தில் இருப்பதால் கோர்ட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகிற வருகிறவர்களின் கால் தெரியும். பதினொரு நீதிபதிகளும் உயர மேடையில் உட்காராமல் ஏறக்குறைய வக்கீல்களின் கண்மட்டத்தில் உட்காருகிறார்கள். கோர்ட்டின் பெயர் முகப்பில் 11 மொழியில் இருக்கிறது. (தமிழ் அதில் இல்லை, ஆனால் ஊக்குவித்து மதிக்க வேண்டிய மொழிகள் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்லும் வரிசையில் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது.) யாருடைய பண்பாடு என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாத கட்டடம். ஆனாலும் இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் அதை வைக்க முடியாது. உங்கள் கோபுரக் கோஷ்டியை ஒரு வேன் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இப்போது உங்கள் மண்டபம். நம் ஆட்களுக்குக் கட்டடம் என்றால் மேடை போட்டு உயர்த்தி, நாலு படி ஏறி, நிலைப்படி தாண்டி உள்ளே போக வேண்டும். வாசற்படி இல்லாத இடம் இடமே அல்ல என்பார்கள் பெரியவர்கள். ஆனால் அந்தப் பெரியவர்களுக்குத்தான் முழங்கால் போய்விட்டது. இங்கே பொதுக் கட்டடத்தில் சாய்தளம் 12க்கு 1க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 450 மில்லிமீட்டர் உயர்த்தினாலே சாய்தளம் 5.4 மீட்டர் நீளும், மேலும் கீழும் சமதளம் தனி. கடைசியில் அதைக் கொண்டுபோய் குப்பைத்தொட்டிப் பக்கம் வளைத்துவிடுவார்கள், ஆயாவைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போக வேண்டியதாகிவிடும். சாட்ஸ்வர்த் முழுக்கச் சரிவுதானே, உங்கள் மனையும் சரிவில் இருந்தால் மேல் தெருவிலிருந்து படியே இல்லாமல் நேரே உள்ளே வருகிற மாதிரி வையுங்கள். எல்லாரும் ஒரே வாசலில் வருவார்கள். நிலைப்படி வேண்டும் என்று அடம்பிடித்தால் தரையோடு தரையாக ஒரு கருங்கல் பட்டை பதித்து, மஞ்சள் குங்குமம் வைக்க அதுபோதும் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று புகை. ஹோமம் வளர்த்தால் புகை உணர்வி கத்தும், யாராவது நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றுவார்கள், அப்புறம் அது மாட்டப்படவே மாட்டாது. ஹோமகுண்டம் எங்கே வரும் என்று இப்போதே குறித்து, அதற்கு மேலே திறக்கிற கூரைச் சன்னல் ஒன்று, அந்தப் பகுதிக்கு மட்டும் வெப்ப உணர்வி, அடியில் டைல்ஸ் இல்லாத செங்கல் தரை. தீயணைப்புத் துறையிடம் படத்தோடு பேசி வாங்கினால் ஒத்துக்கொள்வார்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், கட்டி முடித்த பிறகு எல்லாரும் புலம்புவார்கள். தகரக் கூரை, சிமென்ட் தரை, கண்ணாடி இது மூன்றும் சேர்ந்தால் தவிலும் நாதஸ்வரமும் மண்டைக்குள் இடிக்கும், தமிழ் வகுப்பில் டீச்சர் சொல்வது மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. பாட்டுக்கு எதிரொலி கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது, சபையில் வாத்தியம் இல்லாமல் பல குரலில் பாடுகிறவர்களுக்கு அது உயிர். பேச்சுக்கு ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. ரெண்டையும் ஒரே அறையில் வேண்டுமென்றால் சுவரோரம் கனமான திரைச்சீலை, வகுப்பு நாளில் இழுத்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிவிட வேண்டும். செலவு அதிகமில்லை.

கரும்புக்காடு (டோங்காட்) எழுதியது:

நான் கொஞ்சம் மாறாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"இந்த மக்களுக்கு இந்த மாதிரி இடம்" என்று யோசிப்பது எனக்கு உள்ளூர ஒப்பவில்லை. இந்த நாட்டில் அதை ஒரு முறை சட்டமாகவே போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இந்தியனுக்கு இந்த மலை, ஆப்பிரிக்கனுக்கு அந்த மலை, நடுவில் ஒரு ஆறும் வெற்று நிலமும் என்று கோடு கிழித்தது. சாட்ஸ்வர்த்துக்கு அந்தப் பக்கம் உம்லாசி, நடுவில் உம்லாஸ் ஆறு. அத்தனை நுணுக்கமாக இனம் பார்த்தவர்கள், உள்ளே இருக்கிற மனிதர் எப்படி வாழ்கிறார் என்று ஒரு தடவையாவது கேட்டார்களா? தாத்தா, ரெண்டு மகன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே உலையில் சாப்பிட்ட குடும்பத்தைத் துண்டு துண்டாக்கி ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வீட்டில் போட்டார்கள். தெருவுக்குப் பெயர்கூட வைக்காமல் நம்பர் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஜனங்கள் தாங்களே அந்த வீடுகளை மாற்றினார்கள். கார் இல்லாத வீட்டிலும் கராஜ் எழுப்பினார்கள், ஏனென்றால் கல்யாணச் சமையலும் பதினாறாம் நாள் பந்தியும் அங்கேதான். பின்பக்கம் ஒரு அறை இழுத்து மகனுக்குக் கொடுத்தார்கள். முற்றத்து மூலையில் விளக்கு மாடம். வேப்பமரம் கிடைக்காத இடத்தில் சிரிங்கா மரம் நட்டு, அதன் இலையை மாரியம்மனுக்கு வைத்தார்கள் (உங்கள் பெயரைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது). உம்லாசிப் பக்கம் போனாலும் இதே கதைதான், சதுர வீட்டுக்குப் பின்னால் ஒரு வட்டக் குடிசை எழுப்பி வைத்திருப்பார்கள் சில பேர், ஏனென்றால் முன்னோர்களோடு பேசுகிற உம்சாமோ என்கிற இடம் குடிசையில் வாசலுக்கு நேர் எதிரே உட்புறம் இருக்க வேண்டும், நகரசபை வீட்டில் அதற்கு மூலை ஏது?

ஆக என் கருத்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டாதீர்கள். முக்கால்வாசி கட்டுங்கள், மிச்சத்தை ஜனங்கள் கையில் விடுங்கள். நம் கோவில்களே அப்படி வளர்ந்தவைதானே. கரும்புத் தோட்டத்தில் மண்சுவரும் தகரமும் வைத்து ஆரம்பித்தவை. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோவிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, 1947இல் கேட்டோ மேனரில் திரும்பக் கட்டியபோது பழைய கோவிலிலிருந்து மீட்ட கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். உங்கள் பழைய மண்டபத்திலும் அந்த மாதிரி எடுத்து வைக்கக்கூடியது ஏதாவது இருக்கும்.

டர்பன் வார்விக் சந்திப்பைப் பாருங்கள். பாதியில் நின்றுபோன ஃப்ரீவே பாலத்தின் மேல் மூலிகைக்காரர்களுக்குச் சந்தை அமைத்தார்கள், அதை வரைந்த ஆண்ட்ரூ மேக்கின் லெனேசியாத் தம்பி சொன்ன கோர்ட்டை வரைந்தவர்களிலும் ஒருவர். நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களோடு உட்கார்ந்து பேசிச் செய்த வேலை. அதே வார்விக்கில் 2009இல், கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், 1910 முதல் இருக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்கள். நம் காய்கறிக்காரர்களும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து நின்று தடுத்தார்கள். மால் வந்திருந்தால் கண்ணாடியும் ஏசியும் நன்றாகத்தான் இருந்திருக்கும், கொத்தமல்லிக் கட்டு விற்கிற ஆயா உள்ளே இருந்திருக்க மாட்டாள்.

பெரிய_அண்டா எழுதியது:

அண்ணன்மார் எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். கமிட்டியில் சமைக்கிறவள் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று முதலில் சொல்லுங்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஹால்களில் சமைக்கிறேன். உள்ளே மரக்கறி, வெளியே முற்றத்தில் இறைச்சி, இதை எழுதி ஒட்டுங்கள், சண்டை முக்கால்வாசி தீரும். கழுவுகிற தொட்டி, அலமாரி, துடைக்கிற துணி எல்லாம் தனித்தனி. புரட்டாசியில் வெளியே இருப்பதைப் பூட்டிவிடலாம். நோன்பு திறக்க வருகிறவர்கள் ஹலால் சட்டி அவர்களே கொண்டுவருவார்கள், அவர்களுக்கு வேண்டியது பன்றி இறைச்சி தொடாத ஒரு சுத்தமான மேசையும், கைகால் கழுவ இடமும், தொழ ஒரு சுத்தமான மூலையும்தான். டர்பனிலிருந்து மக்கா ஏறக்குறைய வடக்கே, சற்றுக் கிழக்காக. கக்கூஸ் வரைகிறபோது உட்காருகிறவர் முகமோ முதுகோ வடக்கே திரும்பாமல் கிழமேலாக வைத்துவிட்டால் அவர்களுக்கும் மனசு நிம்மதி, நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கக்கூஸ் என்றதும் நினைவு வருகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட ரெண்டு மடங்கு வேண்டும். சேலை கட்டிக்கொண்டு, கையில் பிள்ளையோடு, உள்ளே திரும்ப முடியாத அறையில் என்ன செய்வது? கொக்கி ரெண்டு, உயரத்தில் ஒன்று தாழ ஒன்று. தண்ணீர்க் குழாய் கட்டாயம், காகிதம் மட்டும் போதாது. நாட்டியப் பிள்ளைகள் உடை மாற்றுகிற அறைதான் மணப்பெண் அறை, அதுதான் பால் கொடுக்கிற அறை, வெள்ளம் வந்தால் அங்கேதான் பெண்கள் குளிக்க வேண்டும், ஆகவே அதற்குள்ளேயே ஷவர் ஒன்று வையுங்கள். பரிமாறுகிற சன்னல் திண்டை மார்பு உயரத்துக்கு வைக்காதீர்கள், இடுப்பு உயரம் போதும். மார்பு உயரத்துக்கு வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்_தேர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

சின்ன விஷயம்தான். செருப்பு. எங்கள் ஊரில் புனித வெள்ளிக்குத் தீமிதி நடக்கும். இசிப்பிங்கோ மாரியம்மனுக்கும் அதே நாளில்தான் கூட்டம், தோட்டத்திலும் ரயில்வேயிலும் வேலை செய்த நம் ஆட்களுக்கு ஈஸ்டருக்குத்தான் நீண்ட விடுமுறை கிடைத்தது என்பார்கள். அன்றைக்கு வாசலில் செருப்புக் குவியல் ஆள் உயரம். ஆனால் ஜுலு மக்களின் ஷெம்பே சபைக்காரர்களும் வெறுங்காலோடுதான் தொழுவார்கள், வெள்ளைக் கல் வட்டம் போட்டு அதற்குள் மண்டியிடுவார்கள், முஸ்லிம்களும் கழற்றுவார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சபை எந்தச் சபை என்று கேளுங்கள். எதுவாக இருந்தாலும் வாசலுக்கு முன் அகலமான ஒரு திண்ணை, கூரையோடு, உட்கார்ந்து கழற்றவும் மாட்டவும். குனிய முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. சாட்ஸ்வர்த் மழையில் செருப்பு நனையாமல் இருப்பதும் ஒரு புண்ணியம்.

சிரிங்கா_நிழல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரிய_அண்டா அக்கா, கமிட்டியில் பெண்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர், கரண்டி பிடிக்கிறவர் யாரும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குச் சமையல் பெண்கள் மூவரையும், சபையின் மூப்பர் ஒருவரையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். "வாடகைக்காரனைக் கூட்டத்தில் எதற்கு உட்கார வைக்க வேண்டும்" என்று ஒரு பெரியவர் இழுத்தார். அவரிடம் கரும்புக்காடு எழுதியதை வாசித்துக் காட்டினேன், பதில் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. மண்டபம் கோவில் வளாகத்துக்குள் இருக்கிறது. சாவு நடந்தால் தீட்டு என்று சன்னதியைப் பூட்டுகிறோம், அதே நாளில் யாராவது நேர்த்திக்கடனுக்கு வந்தால் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருக்கிறது. சாவையே இங்கே எடுக்க வேண்டாம் என்கிறார் குருக்கள். வாடகை ஹால் எடுக்கக் காசில்லாத குடும்பங்கள் எங்கே போவார்கள் என்கிறோம் நாங்கள்.

மட்டப்பலகை எழுதியது:

மனைக்கு ரெண்டு தெரு உண்டா? மேல் தெரு, கீழ்த் தெரு? இருந்தால் வழி இருக்கிறது. கோவில் கேட் ஒரு தெருவில், மண்டப கேட் இன்னொரு தெருவில், நடுவில் இடுப்புயரச் சுவரும் பூட்டுகிற கதவும். சாவு நாளில் கதவு சாத்தியிருக்கும், கூழ் ஊற்றுகிற நாளில் திறந்திருக்கும். நான் சொன்ன குழாய் வரிசை மண்டப கேட்டுப் பக்கம் வரட்டும். அமரர் ஊர்தி நின்று திரும்ப இடம் விடுங்கள், அது அகலமான வண்டி. குருக்களிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாயால் சொன்னால் மாட்டேன் என்பவர் கோட்டைப் பார்த்தால் சில சமயம் சரி என்பார். ஆனால் சமையல் முற்றத்துக் கூரையை எல்லைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதீர்கள், எல்லையிலிருந்து விட வேண்டிய தூரத்துக்குள் கூரை வந்தால் நகரசபை பிளானைத் திருப்பி அனுப்பும், பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டி வரும்.

பெரிய_அண்டா எழுதியது:

கேஸ் சிலிண்டருக்கு வெளியே கூண்டு போட்டுப் பூட்டு வையுங்கள், காற்றுப் போக வழி விட்டு. கூட்டம் என்றைக்கு? நான் மெரபேங்கில்தான் இருக்கிறேன், பஸ் பிடித்து வந்துவிடுவேன்.